சுற்றுக்கு ஒரு ஆம்பியர்

ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் போட்டுவைத்த மெல்லிய ஃப்யூஸ் கம்பியைக் காணோம். அது இருந்த இடத்தில் தூண்டில் கம்பி இருந்தது. வஞ்சிரத்தின் பல்லுக்கு அறுந்துவிடாமல் இருக்க முள்ளுக்கு முன்னால் கட்டுவார்களே, அந்த எஃகுக் கம்பி. அதுவும் ஒற்றையாக இல்லை, மூன்றாக முறுக்கிப் போட்டிருந்தது.

காலை ஏழு மணி இருக்கும். எங்கள் ஊர்க் கடற்கரையில், சவுக்குத் தோப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே, மூன்று சக்கர வண்டி ஒன்று மணலில் நின்றுவிட்டது. வண்டியில் என் அக்கா புருஷன் ஏழுமலை மாமா. அவருக்குப் பின்னால் பலகை மேல் நாலு அன்னக்கூடை நிறைய மீன். வண்டிக்கு அடியில் இருந்த மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை. மீன் வாசனையையும் தாண்டி அது மூக்கில் ஏறியது என்றால் எவ்வளவு கருகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“இத யாரு போட்டது?” என்று கேட்டேன்.

மாமா கடலைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் அங்கே வந்து சேர முடியும்.

கடல் தூரமாகிப் போனது

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கடலூர் ஓரத்து மீனவ ஊர் ஒன்றில் பிறந்தவள். டிப்ளமோ முடித்து, சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் லேபில் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் குடியிருந்தது செம்மண்டலத்தில். பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்திவைத்திருந்த வருஷங்கள் அவை. போக வர பஸ்தான். உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அக்கா மல்லிகாவை ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் ஏழுமலைதான் ஊருக்கு ஏலக்காரர். ஃபைபர் போட்டுகள் கரையேறியதும், மீனைக் குவியலாகக் கொட்டி, விலை கூவி விடுவது அவர் வேலை. ஒரு விலையை இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் சொல்வதற்குள் யார் முகத்தில் ஆசை தெரிகிறது என்று பார்த்துவிடுவார். போட்டுக்காரர்களும் வாங்கும் பெண்களும் அவர் குரலை நம்பினார்கள்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. காலில் வந்த புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த நேரம் சரியில்லை என்பாள் அக்கா. சுனாமிக்கு முன்னால் என்றால் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து ஏலம் நடக்கும் இடம் கூப்பிடு தூரம். நொண்டிக்கொண்டாவது போய்விடலாம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருந்தது. வீட்டைக் குறை சொல்ல முடியாது. தளம் போட்ட வீடு, தனி சமையலறை, மாடிக்குப் படி எல்லாம் உண்டு. கடல்தான் தூரமாகிவிட்டது.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை அரசாங்கத்தில் கொடுத்தார்கள். தார் ரோட்டில் அது நன்றாகவே போகும். மணலில் இறங்கினால் ஒரு முழம் நகராது. தோப்பு வரைக்கும் வண்டியில் வருவார். அங்கிருந்து அவருடைய அண்ணன் மகன்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போவார்கள்.

போட்டு கரையேறும் நேரத்தில்தான் அவரைத் தூக்க வேண்டும். அதே நேரத்தில்தான் போட்டை இழுக்கவும் ஆள் வேண்டும். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாமா கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் மூன்று நாள், வேறொருவர் ஏலம் கூவினார். கடைசியில் ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. மாமா தானாக வந்து போவதாக இருந்தால் வரட்டும், இந்த மாசம் முடியும் வரை பார்ப்போம், இல்லையென்றால் வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா போனில் அழுதாள். “சோறு திங்க மாட்டேங்குறாரு மதி. ஏலம் போச்சின்னா மனுசன் படுத்துருவாரு. நீதான் கரண்ட்டு படிச்சவளாச்சே, எதனா பண்ணு.”

ஊரில் என் படிப்புக்கு அதுதான் பெயர். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் டிவியில் படம் ஆடினாலும் கரண்ட்டு படித்தவளைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. பொய் சொல்வானேன், நிறையவே உண்டு.

தகடு தேய்ந்த மோட்டார்

அந்த வண்டியில் ஒரு மோட்டாரைப் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். மோட்டார் கிடைத்தது சிதம்பரத்தில், ஒரு பழைய இரும்புக் கடையில். ஓடாமல் போன பேட்டரி ஸ்கூட்டரிலிருந்து கழற்றியது. மேலே யாரோ பெயின்ட்டால் இருபத்துநாலு வோல்ட் என்று எழுதியிருந்தார்கள். மற்ற விவரமெல்லாம் பொறித்த தகடு துருவேறி, தடவிப் பார்த்தால்கூட ஒரு எழுத்து தெரியாமல் தேய்ந்திருந்தது.

இங்கேதான் சிக்கல். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தடிமனான ஒயர், எந்த ஃப்யூஸ், எந்த பேட்டரி என்று சொல்ல முடியும். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். தகடே இல்லாத மோட்டாரில் எதை எதால் வகுப்பது?

லேபில் டாங் டெஸ்டர் இருந்தது. ஒயரைக் கிடுக்கிபோலக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் மீட்டர் அது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமா, அக்கா, பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மோட்டாரை பேட்டரியில் கொடுத்து, ஒயரைக் கவ்வினேன்.

மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது. மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

அந்த மீட்டர் வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட்டை மட்டும்தான் அளக்கும், பேட்டரியிலிருந்து வரும் டிசியை அளக்காது. அதை வைவாவில் கேட்டு, பதில் சொல்லாத பிள்ளைகளை நிற்க வைக்கிறவளே நான்தான்.

மாமா எட்டிப் பார்த்தார். “கரண்ட்டே இல்லாம சுத்துது பாரு. இந்த மோட்டார விட்டுறாத மதி. பேட்டரியே வேணாம்போலக்கீதே.”

அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவமானம் தாங்கவில்லை.

மறுநாள் மோட்டாரை அரிசிப் பையில் போட்டு பஸ்ஸில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனேன். கிரைண்டர் என்று நினைத்து கண்டக்டர் லக்கேஜ் போட்டார். லேபில் மோட்டாரின் ஷாஃப்ட் அசையாமல் வைஸில் இறுக்கிப் பிடித்து, இரண்டு வோல்ட் மட்டும் கொடுத்து, டிசி மீட்டரில் பார்த்தேன். ஐந்து ஆம்பியர் காட்டியது. இரண்டு வோல்ட்டுக்கு ஐந்து என்றால், இருபத்துநாலு வோல்ட்டுக்கு அறுபது. சுற்ற விடாமல் பிடித்துக்கொண்டால் இந்த மோட்டார் அறுபது ஆம்பியர் இழுக்கும். அதுதான் உச்சம்.

சுற்ற விட்டால் குறையும். எப்படி என்றால், சுற்றுகிற மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர் போல வேலை செய்து, பேட்டரியை எதிர்த்துத் தள்ளும். ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து தள்ளுவது போலத்தான். வேகமாகச் சுற்றும்போது எதிர்ப்பு அதிகம், கரண்ட் உள்ளே வருவது குறைவு. பாரம் ஏறி வேகம் குறையக் குறைய எதிர்ப்பு குறையும், கரண்ட் கூடும். அப்படியென்றால் வேகம் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தாலே கரண்ட் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். மீட்டரே வேண்டாம்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் புத்தகத்தில் இருப்பது கையில் வந்து நிற்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறதே, அதை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அனுபவித்தேன். டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

சிவப்புத் துணி

கடலூர் முதுநகரில் ஒரு வெல்டிங் பட்டறையில் மோட்டாரை வண்டியின் பின் சக்கரத்தோடு செயின் போட்டு இணைத்தோம். ஒரு சுவிட்ச், ஒரு பிரேக், ஒரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை, அவ்வளவுதான். கையால் இரண்டு சுற்று சுற்றி வண்டியை நகர்த்திவிட்டு அப்புறம்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவைத்தேன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் கரண்ட் எக்கச்சக்கமாக இழுக்கும்.

மணலுக்கு வழி கண்டுபிடித்தவர் மாமா. பழைய வலைகளை நாலாக மடித்து, தோப்பிலிருந்து ஏலம் நடக்கும் இடம் வரைக்கும் நீளமாக விரித்தார்கள். அதன்மேல் போனால் சக்கரம் புதையவில்லை.

சக்கரத்துக் கம்பியில் அக்காவின் பழைய ஜாக்கெட்டிலிருந்து கிழித்த சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினேன். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டு, அரை நிமிடத்தில் துணி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம். அறுபது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுற்ற விடாவிட்டால் அறுபது ஆம்பியர். சும்மா சுற்றவிட்டால் அரை நிமிடத்துக்கு அறுபது சுற்று. ஆக, எத்தனை சுற்று குறைகிறதோ அத்தனை ஆம்பியர். மோட்டார் தன்னைச் சுற்றிக்கொள்ளவே கொஞ்சம் தின்னும், பேட்டரி கொஞ்சம் இறங்கும், அதெல்லாம் இருக்கிறது. இருந்தாலும் இப்படி ஒரு கணக்கு எனக்கு அதற்கு முன்னும் அமைந்ததில்லை, பின்னும் அமைந்ததில்லை.

“சுத்துக்கு ஒரு ஆம்பியர் மாமா,” என்றேன்.

“அது ஜாஸ்தியா, கொறச்சலா?”

“அளவு மாமா. அளவுல ஜாஸ்தி கொறச்சல் கெடையாது.”

“அளவு தெரிஞ்சா வெல சொல்லிரலாம்,” என்றார். ஏலக்காரர் புத்தி.

மாமா வண்டியில் போக, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஓடினேன். எண்ணுவது அவர் வேலை. அவருக்கு எண்களைச் சும்மா சொல்லத் தெரியாது. “நாப்பத்தஞ்சி, நாப்பத்தஞ்சி, நாப்பத்தாறு” என்று ஏலத்து ராகத்திலேயே எண்ணினார். தார் ரோட்டில் நின்றவர்கள் மீன் எங்கே என்று தேடினார்கள். ரோட்டில் ஐம்பது சுற்று வந்தது. அதாவது பத்து ஆம்பியர். வலை விரித்த மணலில் நாற்பத்திரண்டு. பதினெட்டு ஆம்பியர்.

மணலுக்குப் பதினெட்டு, கூடக் கொஞ்சம் இடம் விட்டு இருபத்தைந்து ஆம்பியருக்கு ஃப்யூஸ் கம்பி போட்டேன். அதற்கு மேல் போனால் ஃப்யூஸ் உருகி, மோட்டார் பிழைக்கும். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் வார்னிஷ் எவ்வளவு சூடு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை காலையில் மாமா தானாகவே ஏலத்துக்குப் போனார். நான் அப்போது சிதம்பரம் பஸ்ஸில் இருந்தேன். அக்கா போன் பண்ணினாள். “போயிட்டாரு மதி” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் ஊர்ப்பக்கம் போகவில்லை. அந்தப் பத்து நாளில் நடந்தது எனக்குத் தெரியாது.

நான் சொன்னது

எங்கள் ஊரில் சக்கரம் உள்ள எதுவும் வெறுமனே திரும்பாது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்பின் பின்னால் ஐஸ் பெட்டி ஏறிப் போயிருக்கிறது. போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த வேனில் கருவாட்டு மூட்டை போயிருக்கிறது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளையை அழைத்துவந்த கார் திரும்பிப் போகும்போது, என் மாமனார் காலடியில் இரண்டு வலை மூட்டை இருந்தது. கடலூரில் இறக்கிவிடச் சொல்லி யாரோ ஏற்றியது. மாமனார் அதைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்.

மீனைத் தலையில் சுமந்து, மணலில் நடந்து, தோப்பைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடிக்கும் பெண்களுக்கு மத்தியில் ஒரு வண்டி வெறுமனே ரோட்டுக்குத் திரும்புகிறது. யாராவது சும்மா விடுவார்களா? இரண்டாம் நாளே அஞ்சலை அக்கா தன் அன்னக்கூடையை மாமாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அடுத்த நாள் இரண்டு பேர். அப்புறம் நாலு பேர். கரையிலிருந்து ரோட்டுப் பக்கம் ஏற்றம் வேறு.

செம்மண்டலத்தில் கொஞ்ச வருஷம் குடியிருந்ததில் எனக்கு இது மறந்தே போயிருந்தது. நான் மாமாவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன்.

நாலு கூடை ஏறிய அன்றைக்கு ஃப்யூஸ் உருகியது. ஃப்யூஸ் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. மாமா அங்கேயே ஒரு தூண்டில்காரரிடம் கம்பி வாங்கி, முறுக்கி மாட்டிவிட்டார். வண்டி ஓடியது. கருகல் வாசனை வந்தது. என்னிடம் சொல்லவில்லை.

லீவு நாள் ஒன்றில் நான் போய் நின்றபோது, வலை விலகிய ஒரு இடத்தில் சக்கரம் புதைந்து, மோட்டார் சுற்ற முடியாமல் முழு அறுபதையும் இழுத்துப் புகைந்தது. மாசம் முடிய அப்போது நாலே நாள் இருந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது இது.

“ஒரு காலு இல்லாத மனுசன் நீங்க. ஒழுங்கா ஒக்காந்துக்கினு போகத் தெரியாதா? இது என்னா லோடு ஆட்டோவா?” பெண்கள் பக்கம் திரும்பினேன். “நோயாளி வண்டியில கூடைய வைக்க உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?”

பெண்கள் அவரவர் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மாமாவின் அண்ணன் மகன்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி இல்லாததால் கையைக் கோத்து, அதன்மேல் உட்காரவைத்துத் தூக்கினார்கள். மாமா அவர்கள் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது பல்

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டியிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். மாமா கட்டிலில் இருந்தார். அக்கா இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, இரண்டு பேரோடும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

“கூடை வச்சா கரண்ட் ஏறும்னு தெரியாதா மாமா? சொல்லியிருந்தா நான் வேற மாதிரி பண்ணியிருப்பேன்ல?”

“உன் கணக்கு தப்புன்னு நான் சொல்லல மதி,” என்றார். “உன் கணக்குல நான் மட்டுந்தான் இருக்கேன்.”

“பின்ன யாரு இருக்கணும்?”

டீயை ஆற்றினார். “வெறும் வண்டியில போனா எதுக்க வர்றவன் ‘ஐயோ பாவம்’னுட்டு ஒதுங்கி நிக்கிறான். நாலு கூடைய வச்சிக்கினு போனா, ‘யோவ் ஏழுமல, ஓரமாப் போயா’ன்னு திட்டுறான். எனக்கு அந்தத் திட்டு வேணும்.”

நான் நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ கழன்றிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குனிந்தே இருந்தேன்.

மறுநாள் மோட்டார் மறுபடி அரிசிப் பையில் சிதம்பரத்துக்குப் போனது. கரண்ட்டை உள்ளே கொண்டுபோகும் கரி பிரஷ் இரண்டும் தேய்ந்து, உள்ளே செம்பு வளையம் கறுத்திருந்தது. ஷாஃப்ட்டை இறுக்கி, பழையபடி இரண்டு வோல்ட் கொடுத்தேன். மீட்டர் முள் மெதுவாக ஏறி ஐந்தில் நின்றது. உள்ளே கம்பி பிழைத்திருந்தது.

பெரிய ஃப்யூஸ் போட்டுவிடலாம் என்றார் லேபில் கூட வேலை பார்த்தவர். அப்படிப் போட்டால் ஃப்யூஸ் பிழைத்து மோட்டார் போய்விடும். நான் வேறொன்று செய்தேன். மோட்டார் ஷாஃப்ட்டில் இருந்த பதின்மூன்று பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சைக்கிள் கடையில் தேடி ஒன்பது பல் சக்கரம் ஒன்றைப் பிடித்தேன். அதைப் போட்டால் வண்டி மெதுவாகத்தான் போகும். அதே பாரத்தைக் குறைந்த கரண்ட்டில் இழுக்கும்.

அந்த நாட்களில் ஏலத்தை வேறொருவர் கூவினார். மாமா போகவில்லை. தூக்க வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மோட்டாரை மாட்டினோம். நாலு அன்னக்கூடையில் ஈர மணலை நிரப்பி, மாமாவுக்குப் பின்னால் அடுக்கி, கரையிலிருந்து தோப்பு நோக்கி ஓட்டச் சொன்னேன். சிவப்புத் துணியை எண்ணினோம். சும்மா சுற்றவிட்டால் இப்போது அரை நிமிடத்துக்கு நாற்பத்தொன்றுதான். சுற்றுக்கு ஒரு ஆம்பியர் என்ற அழகெல்லாம் போய், ஒன்றரை ஆகிவிட்டது. பாரத்தோடு இருபத்தேழு சுற்று. பதினாலு குறைந்தது. ஒன்றரையால் பெருக்கினால் இருபத்தொன்று. இருபத்தைந்து ஃப்யூஸுக்குள் அடங்கிவிட்டது.

“நாலு கூடை தாங்கும் மாமா,” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மாசத்தின் கடைசி நாள். வேலைக்குப் போகும் புடவையோடு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு விடியும்போதே ஊருக்குப் போய்விட்டேன். மாமா கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, மெதுவாக, தானாக ஏலத்துக்கு வந்து சேர்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் சங்கராவையும் காலாவையும் நெத்திலியையும் கூவி முடிக்கும் வரை அவர்கள் நகரவில்லை. முடிந்ததும் ஒருவர், “சரி ஏழுமல, நாளைக்கும் நேரத்துக்கு வந்துரு” என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போனார். ஊர்க்கூட்டத்தில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை.

வண்டி திரும்பியது. பெண்கள் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வண்டியைத் தாண்டி நடந்தார்கள். ஒருத்தியும் பலகைப் பக்கம் பார்க்கவில்லை. வண்டி வெறுமனே போனது. எதிரே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் சட்டென்று ஒதுங்கி, வழி விட்டு நின்றார். மாமா நேராகப் பார்த்துக்கொண்டு போனார்.

நான் அஞ்சலை அக்காவிடம் ஓடினேன். “கூடைய வை அக்கா. இப்ப தாங்கும். எண்ணிப் பாத்துட்டேன்.”

“வேணாம் மதி,” என்றாள். “நோயாளி வண்டி.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, அதன்படி நடந்துகொண்டாள். அவ்வளவுதான்.

வண்டி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, கை வலிக்குது. இந்தப் பைய வச்சிக்கிறீங்களா?”

அவர் பிரேக்கைப் பிடித்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னா இருக்கு உள்ள?”

“ஸ்பானரு, சுத்தி, பழைய பல்சக்கரம்.”

“உள்ள தள்ளி வை. வழியில வுழுந்துரப் போவுது.”

வைத்தேன். பெண்கள் நின்றுவிட்டார்கள். அஞ்சலை அக்கா திரும்பி வந்தாள். “யோவ், இரு, கௌம்பிராத” என்று மாமாவை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, தலையிலிருந்த கூடையை இறக்கி என் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்தவள் வந்தாள். அப்புறம் மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது கூடையும் ஏறியது. நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா கையால் இரண்டு சுற்று சுற்றி, சுவிட்சைப் போட்டார். மோட்டார் சத்தம் தாழ்ந்து ஒலித்தது. கடிகாரம் என் கையில்தான் இருந்தது. அரை நிமிடம் எண்ணியிருந்தால் எத்தனை ஆம்பியர் என்று தெரிந்திருக்கும். எனக்கு எண்ணத் தோன்றவில்லை. பெண்கள் வெறுந்தலையோடு பேசிக்கொண்டே வண்டியோடு கூட நடந்தார்கள்.

தோப்புக்குக் கிட்டே வரும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. எனக்கு மணலில் புடவை தடுக்கியது.

“மாமா, ரோடு வரைக்கும் நானும் ஓரமா ஒக்காந்துக்கட்டுமா? பஸ்ஸுக்கு நேரமாச்சி.”

“எடம் எங்க இருக்கு? நடந்து வா,” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நடந்தேன். அன்றைக்கு சிதம்பரம் பஸ்ஸைத் தவறவிட்டேன்.